காப்பாற்ற வேண்டியது மரையை

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, மழையும் மஞ்சும் விடாத மலையோர ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்காக. இஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் பாதையின் தொடக்கத்திலேயே ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். பார்க்க ஸ்பார்க் பிளக்கின் தம்பி போல இருக்கும், பின்னால் ஒயர் தொங்கும். புது வண்டியில் அதைக் கழற்ற பத்து நிமிடம் போதும். பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் அதே வேலை ஒரு நாளை விழுங்கிவிடும். சில வண்டிகளில் சென்சாரும் வராமல், அது உட்கார்ந்திருக்கும் மேனிபோல்டும் பாழாகிப் போகும். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது போனக்காடு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் பாதை முடிகிற இடம். அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும், அவர்கள் நடக்கத் தொடங்குவதே இங்கிருந்துதான். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு அந்தப் பக்கம் தாமிரபரணி, இந்தப் பக்கம் நாங்கள். தேயிலை எஸ்டேட்டுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லயங்களில் தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறோம். ஃபாக்டரி எப்போதோ நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இங்கே மழைக்காலத்தில் துவைத்த துணி காயாது. அப்படியிருக்க, வண்டிக்கு அடியில் இருக்கும் இரும்பு மட்டும் எப்படிக் காயும்?

என் வண்டி 2007 மாடல், சின்ன பெட்ரோல் கார். 15 வருடம் முடிந்து, ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன கம்பெனி என்பது இந்த விஷயத்தில் பெரிதல்ல. ஆக்சிஜன் சென்சாரின் மரை கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 1.5 பிட்ச். பிடிக்க 22 சைஸ் ஸ்பேனர். ஆகவே நான் சொல்வது உங்கள் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அறிகுறிகள் மெல்ல மெல்ல வந்தன. முதலில் மைலேஜ் குறைந்தது. மலை ஏறும் வண்டி, அதனால்தான் என்று விட்டால் விட்டுவிடலாம். பிறகு சைலன்சர் வாயில் விரல் வைத்தால் கரி ஒட்டியது, அதுவும் பவுடர் போல உலர்ந்த கறுப்புக் கரி. சிக்னலில் நிற்கும்போது இஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியாக அழுகின முட்டை வாடை. இந்த வாடை வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். பெட்ரோல் அதிகமாகப் போகும்போது, அதிலுள்ள கந்தகம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வெளியே வருகிறது. கன்வெர்ட்டர் சிரமப்படுகிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் சென்சார் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதை ஏன் மாற்ற வேண்டும் என்பதே புரியாது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்கைச் சுற்றி மிகக் குறுகிய எல்லைக்குள் கலவை இருந்தால்தான் கன்வெர்ட்டர் புகையிலுள்ள மூன்று நச்சுகளையும் ஒரே நேரத்தில் மாற்றும். எல்லை தாண்டினால் ஒன்றைச் சுத்தம் செய்து மற்றதை விட்டுவிடும். எனவே, வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று யாராவது ஓயாமல் பார்த்துச் சொல்ல வேண்டும். சென்சாரின் நுனியில் சிர்கோனியாவால் செய்த சின்னக் குப்பி இருக்கிறது, அதன் இரு புறமும் பிளாட்டினம் பூச்சு. வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் சாதாரணக் காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசத்தைப் பொறுத்து அது மின்னழுத்தம் தரும். ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம், பெட்ரோல் மிஞ்சினால் 0.9 வோல்ட் பக்கம். இஞ்சின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பார்த்து பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

1976ல் பாஷ் கம்பெனி செய்த இந்தச் சென்சாரை முதலில் காரில் பொருத்தி விற்றது வோல்வோ. நம் நாட்டுக்கு அது வரக் காலம் பிடித்தது, காரணம் ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் சென்சாரையும் கொல்லும், கன்வெர்ட்டரையும் கொல்லும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும், புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டரும் வந்தன. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான். அதற்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. கார்கள்தான் இப்போது நம் தெருக்களில் பழைய கார்களாக நிற்கின்றன. அதாவது, முதல் தலைமுறைச் சென்சார்கள் மரைக்குள் உறைந்துபோகும் காலம் இப்போதுதான் நமக்கு வந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் பட்டறைகளில் இந்த வேலை இவ்வளவு வந்திருக்காது.

சரி, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். கெட்டிருப்பது சென்சார்தானா என்று உறுதி செய்யுங்கள். கழற்றவே முடியாத ஒன்றைப் போராடிக் கழற்றிவிட்டு, பழுது வேறிடத்தில் என்று தெரிந்தால் வரும் வேதனை பெரிது. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சிக்னல் ஒயரில் பின்பக்கமாக மீட்டரின் ஊசியைச் சொருகி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்க ஒருவரை உட்கார வையுங்கள். நல்ல சென்சார் 0.1க்கும் 0.9க்கும் நடுவே பரபரவென்று ஏறி இறங்கும். செத்த சென்சார் ஓரிடத்தில் குந்திக்கொள்ளும். என்னுடையது 0.1 பக்கமே கிடந்தது, ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தாலும் எழவில்லை. புகையில் ஆக்சிஜன் அதிகம் என்று அது பொய் சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கரிக்கும் வாடைக்கும் காரணம் அதுதான்.

ஆனால் இதே அறிகுறியை இன்னொன்றும் காட்டும். சென்சாருக்கு முன்னால் மேனிபோல்டு கேஸ்கெட் ஓட்டையாக இருந்தால், வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரை ஏமாற்றும். காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக் என்று சத்தம் வருகிறதா, கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டர் ஒயர்கள். அவற்றுக்கிடையே சில ஓம் மின்தடை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. ஃபியூஸையும் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் தேறினால் சென்சாரைக் கழற்றலாம்.

சிலர் கழற்றவே வேண்டாம் என்பார்கள். “அந்த ஒயரைப் புடுங்கி விட்டுருங்க, வண்டி ஓடும்” என்ற யோசனையை நானும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். வண்டி ஓடும், உண்மைதான். ஆனால் சென்சார் இல்லாதபோது கம்ப்யூட்டர் தன் மனப்பாடக் கணக்கில் பெட்ரோல் ஊற்றும், அது பெரும்பாலும் தாராளக் கணக்கு. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். கன்வெர்ட்டருக்குள் இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். சில ஆயிரம் ரூபாய்ச் சென்சாரை மிச்சம் பிடிக்கப் போய், பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை எரிப்பது இது. போதாததற்கு, உங்களுக்குப் பின்னால் வருபவர் அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வேண்டும். எங்கள் மலைப்பாதையில் என் வண்டிக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை ஏற்றிய ஜீப். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஏன் இறுகுகிறது? முதல் காரணம் சூடு. சென்சாரின் எஃகுக் கூடும் மேனிபோல்டின் வார்ப்பிரும்பும் ஒவ்வொரு ஓட்டத்திலும் நூற்றுக்கணக்கான டிகிரி ஏறி இறங்குகின்றன. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வருடக்கணக்கில் ஒன்றை ஒன்று தேய்த்துக் கடித்துக்கொள்கின்றன. இரண்டாவது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நெடுந்தூரம் ஓடினால் அது காய்ந்து போய்விடும். எங்களைப் போல விதுரா சந்தைக்கு இறங்கி, திரும்பி வந்து, இரண்டு நாள் மஞ்சில் நிறுத்திவைத்தால், அந்த ஈரம் குழாய்க்குள் தங்கும். வெளியிலிருந்து மழைநீர் வேறு. துரு என்பது இரும்பைவிட இடம் அதிகம் பிடிக்கிற பொருள். மரைக்குள் வளர இடம் இல்லாததால் அது ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் உப்பும் சேரும். பூவாற்றிலும் குளச்சலிலும் இருப்பவர்கள் எங்களைவிடப் பாவம்.

எனக்கு இந்த வேலையில் துணை நின்றவர் பெரியப்பா. எஸ்டேட் ஃபாக்டரி ஓடிய காலத்தில் அங்கே ஃபிட்டராக இருந்தவர். கார் அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் இறுகிய போல்ட்டை அவரைப்போல அறிந்தவர் இந்த மலையில் இல்லை என்பேன். தேயிலை உலர்த்தும் டிரையருக்கு விறகு அடுப்பிலிருந்து சூடான காற்று போகும். அடுப்பு இரவும் பகலும் எரியும், சீசன் முடிந்ததும் ஆறிக் கிடக்கும், மழை ஈரம் ஏறும். ஒரு சீசனுக்குள்ளேயே அங்கே போல்ட்டுகள் உறைந்துபோகுமாம். மறு சீசனுக்கு முன் அத்தனையையும் மரை கெடாமல் கழற்றியாக வேண்டும், ஏனென்றால் மலையில் மாற்றுப் பொருள் கிடையாது. சென்சாரைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“இது டிரையர் போல்ட்டு மாதிரிதாம் மக்கா. அடிச்சுப் பிரிக்கப் பாக்காத. சூடு காட்டு, ஆற விடு, எண்ணெயக் குடிக்க விடு. வரும்.”

“ஒயரை வெட்டிரலாமா பெரியப்பா? ரிங் உள்ள போகமாட்டேங்குது.”

“புதுசு கையில இருக்குல்லா? பொறவு என்னத்துக்கு யோசிக்க. வெட்டு. காப்பாத்த வேண்டியது அதை இல்ல, கீழ இருக்க மரைய.”

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான். சென்சார் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது. அதற்காக எந்தத் தயவும் காட்ட வேண்டாம். ஒயரை வெட்டலாம், தலையை உடைக்கலாம், தேவையானால் அறுக்கலாம். மேனிபோல்டில் இருக்கும் அந்த மரை மட்டும் பழுதில்லாமல் மிஞ்ச வேண்டும். பட்டறைகளில் நடக்கும் சேதம் எல்லாம் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் வருகிறது. சென்சார் உடையாமல் வரவேண்டும் என்று பயந்து பிளவு விட்ட ஸ்பேனரால் பிடிக்கிறார்கள், பிறகு வரவில்லை என்று ஆத்திரத்தில் நீளக் குழாய் மாட்டி நெம்புகிறார்கள். சென்சாருடன் மரையும் உரிந்து வருகிறது.

ஒயர் போக வழிவிட்டு, பக்கத்தில் பிளவு விட்ட சாக்கெட் ஒன்று ஆக்சிஜன் சென்சாருக்கென்றே கடையில் விற்கிறார்கள். இறுகாத சென்சாருக்கு அது நல்ல கருவி. இறுகியதற்கு வேண்டாம். பலம் கொடுக்கும்போது பிளவு விரிந்து, அறுகோணத்தின் முனைகளை மழுக்கிவிடும். முனை மழுங்கிய சென்சாரைப் பிடிக்க அப்புறம் பைப் ரெஞ்சுதான். ஓப்பன் ஸ்பேனர் அதைவிட மோசம். ஒயரை வெட்டிவிட்டு, ஆறு முனை உள்ள ஆழமான 22 சாக்கெட்டோ நல்ல ரிங் ஸ்பேனரோ போடுங்கள். பன்னிரண்டு முனை ரிங்கை விட ஆறு முனை சாக்கெட் நன்றாகக் கவ்வும். புது சென்சார் கைக்கு வந்த பிறகுதான் ஒயரை வெட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனெக்டர் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். எங்களுக்கு இது நெடுமங்காட்டிலோ திருவனந்தபுரத்திலோ சொல்லிவைத்து வரவழைக்க வேண்டிய பொருள்.

எண்ணெய் விஷயம். டபிள்யூ.டி.-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1953ல் ஏவுகணை உலோகத்தில் ஈரம் தங்காமல் விரட்டுவதற்காக உருவானது அது. ஈரத்தை விரட்டுவதில் கெட்டி. ஆனால் உறைந்த மரைக்குள் ஊறிப் போவதற்கென்று தனியாக விற்கும் ரஸ்ட் ரிலீஸ் ஸ்பிரே இருந்தால் அதுவே மேல். எதுவானாலும் ஒருமுறை அடித்துவிட்டு உடனே ஸ்பேனரை எடுத்தால் வீண். இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் சென்சாரின் அடியைச் சுற்றி அடியுங்கள். ஆறும்போது உலோகம் சுருங்க, எண்ணெய் இடுக்கில் இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க விடுங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள். நடுநடுவே சென்சாரின் அறுகோணத்திலும் அது உட்கார்ந்திருக்கும் மேட்டிலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அதிர்வு போனால் போதும், துரு விரிசல் விடும். கொதிக்கிற மேனிபோல்டில் மட்டும் ஒருபோதும் ஸ்பிரே அடிக்காதீர்கள். தீப்பிடிக்கும்.

கழற்றும் அன்று இஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, மேனிபோல்டு சூடாக இருக்கும்போதே முயற்சி செய்யுங்கள். கையில் தடித்த தோலுறை வேண்டும். திசையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார் அடியில் தலைகீழாகப் படுத்திருக்கும்போது இடம் எது வலம் எது என்று யாருக்கும் தடுமாறும். ஒயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசை. பெரியப்பா முதலில் செய்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது: இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்தார். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான் என்பது அவர் அனுபவம். பிறகு எதிர்ப்பக்கம், ஸ்பேனரின் நுனியில் உள்ளங்கையால் வெட்டி வெட்டி.

அசைந்த பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். “டக்” என்று ஒரு சத்தம் வந்து இளகினால் நல்லது. கிரீச் என்று இழுக்கும் சத்தத்தோடு, போகப்போக இறுகிக்கொண்டே வந்தால் நிறுத்துங்கள். உள்ளே உலோகம் உலோகத்தைச் சுரண்டி உருட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பலத்தைக் கூட்டினால் மரை மொத்தமாகப் போகும். வந்த வழியே கால் சுற்று உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி அரைச் சுற்று வெளியே. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூரம் கூடும். எங்கள் சென்சார் அந்த மாதிரிதான் சுரண்டத் தொடங்கியது. இன்னும் இரண்டு மரை நகர்ந்தபின் அசையவே மறுத்தது. பெரியப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “இனி சூடுதாம்” என்றார்.

இந்தக் கட்டத்தில் வண்டியை விதுராவில் ஒரு பட்டறைக்கு இறக்கினோம். அங்கே கேஸ் டார்ச் இருக்கிறது, அதைப் பிடிக்கத் தெரிந்த ஆசானும் இருக்கிறார். வீட்டில் டார்ச் இருந்தாலும் பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தைப் பட்டறையில் செய்வதுதான் சரி. பெட்ரோல் குழாய், ஒயர், ரப்பர் பூட் எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்ற வேண்டும், பக்கத்தில் ஈரச் சாக்கும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். இன்னொன்று, இது உயிர் விஷயம்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு டார்ச் பிடிக்காதீர்கள். அந்த ஆவி சூட்டில் பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயு அது.

சூடு காட்ட வேண்டியது சென்சாருக்கு அல்ல, அதைச் சுற்றியிருக்கும் மேட்டுக்கு. வெளி வளையம் விரிய வேண்டும், உள்ளே இருப்பது விரியக்கூடாது. கணக்குப் போட்டால் இது எவ்வளவு நுணுக்கமானது என்று தெரியும். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் அளவில் விரியும். 18 மில்லிமீட்டர் துளை, சென்சாரைவிட 400 டிகிரி அதிகம் சூடானால், அகலம் கூடுவது 0.09 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளிக்காகத்தான் இத்தனை பாடு. ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆசான் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நிறுத்தினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். மேடு மங்கிய சிவப்புக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துவிட்டார். சிவப்பு வடிந்து, கறுத்து, இன்னும் சூடு இருக்கும்போது பெரியப்பா பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து மரையின் விளிம்பில் தொட்டார். மெழுகு உருகி, சென்சாரைச் சுற்றி ஓடி, கண்ணெதிரே உள்ளே மறைந்தது. புகை வரும், தீ பற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசான் அதைப் பார்த்து, “இது எவிடுந்து படிச்சு, அண்ணாச்சி?” என்று கேட்டார். “டிரையர்லேர்ந்து” என்றார் பெரியப்பா.

அதற்குப் பிறகு ஸ்பேனரைப் போட்டதும் சென்சார் நகர்ந்தது. சத்தமில்லாமல், வெண்ணெயில் திருகுவதுபோல் என்றெல்லாம் இல்லை. உள்ளே, வெளியே என்று பொறுமையாகத்தான் வந்தது. கடைசி மரை விட்டபோது கையில் எடுத்துப் பார்த்தேன். நுனிக் கூடு முழுக்கக் கறுப்புக் கரி. மரையின் நடுவில் இரண்டு சுற்று மட்டும் உலோகம் பளபளவென்று சுரண்டுண்டு இருந்தது. அங்கேதான் அது கடித்துப் பிடித்திருக்கிறது. டார்ச் இல்லாமல் நெம்பியிருந்தால் அந்த இரண்டு சுற்றும் மேனிபோல்டின் மரையை இழுத்துக்கொண்டு வந்திருக்கும்.

வந்துவிட்டதே என்று உடனே புதுசைத் திருகிவிடக் கூடாது. துளையின் மரையைச் சுத்தம் செய்யாமல் போட்டால் புதுசும் கோணலாக ஏறும். எம்18, 1.5 பிட்ச் டேப் ஒன்று வேண்டும். பழைய 18 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக்குகளின் மரையும் இதுவே என்பதால் லேத் பட்டறைகளில் கேட்டால் கிடைக்கும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொள்ளுங்கள், சுரண்டி வரும் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், கன்வெர்ட்டருக்குள் விழாது. விரலால் ஓரிரு சுற்று ஏற்றி, நேராகப் பிடித்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் கைப்பிடியைப் போட வேண்டும். அரைச் சுற்று போய், கால் சுற்று திரும்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து. மரை ஏற்கெனவே போய்விட்டிருந்தால், துளையைப் பெரிதாக்கி உள்ளே மரைச் சுருள் வைக்கலாம், எஃகுக் குழாயாக இருந்தால் புது வளையம் பற்ற வைக்கலாம். வார்ப்பிரும்பில் பற்றவைப்பது தனி வித்தை. நிக்கல் ராடும் முன்சூடும் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

புது சென்சாரின் மரையில் பெரும்பாலும் கம்பெனியே இறுகு தடுப்புக் கிரீஸ் தடவி அனுப்பும். இல்லாவிட்டால் அதிக சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் வாங்கி, மரைக்கு மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், எரிந்து கரியாகி ஒட்டிக்கொள்ளும். நுனியில் ஒரு பொட்டும் படக்கூடாது. கீழே போட்ட சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். கையால் கடைசி வரை திருகி, பிறகு சுமார் 40 முதல் 50 நியூட்டன்-மீட்டர் வரை இறுக்கினால் போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. வெறி கொண்டு இறுக்குகிறவர் அடுத்த முறை கழற்றப்போகிறவருக்குத் துரோகம் செய்கிறார்.

ஒயர் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று. குப்பியின் உட்பக்கத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்றேனே, பல சென்சார்களில் அந்தக் காற்று ஒயரின் இழைகளுக்கிடையே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஆகவே ஒயரைச் சால்டர் வைத்து ஒட்டினால் சென்சாரின் மூச்சு அடைபடும். கனெக்டருக்குள் கிரீஸ் அப்பினாலும் அதே கதை. கனெக்டரோடு வரும் சென்சாரையே வாங்குங்கள். ஒயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டி மேனிபோல்டில் படாமல் ஓடவிடுங்கள். இஞ்சினில் எங்காவது சிலிக்கான் பேஸ்ட் போடுகிறவர்கள் சென்சாருக்குத் தீங்கில்லாதது என்று எழுதியிருக்கும் பேஸ்டாகப் பார்த்து வாங்க வேண்டும். மற்றவற்றின் ஆவி புது சென்சாரையும் மலடாக்கும்.

மாட்டி, பேட்டரியை இணைத்து, மீட்டரை வைத்துப் பார்த்தோம். இஞ்சின் சூடானதும் எண்கள் துள்ளத் தொடங்கின. 0.2, 0.8, 0.1, 0.7. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மலை ஏறும்போது அந்த முட்டை வாடை இல்லை. சைலன்சர் வாய் அடுத்த வாரங்களில் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வந்தது. மைலேஜும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

ஹீட்டர் இல்லாத ஒற்றை ஒயர் சென்சாரை 50,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள்ளும், ஹீட்டர் உள்ளதை 1,60,000 கிலோமீட்டர் வாக்கிலும் மாற்றுவது பொது வழக்கம். நம் வண்டிகளில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, இஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்தான் பார்க்கிறோம். எரியும்போது மரை உறைந்திருக்கும். உங்கள் வண்டிக்குப் பத்து வயது ஆகி, இந்தச் சென்சாரை ஒருவரும் தொட்டதில்லை என்றால், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை எண்ணெய் ஊறவைத்து, சூட்டோடு அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இளகி வந்தால் ஆன்டி-சீஸ் தடவி மறுபடி மாட்டிக்கொள்ளலாம், அடுத்த பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. வராவிட்டால், வண்டி நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள், அவசரமில்லாமல் செய்ய நேரம் இருக்கும்.

விதுரா, தொளிக்கோடு, பாலோடு பக்கம் யாருக்காவது எம்18 டேப்பும் ஆறு முனை 22 சாக்கெட்டும் தேவைப்பட்டால் என்னிடம் இருக்கின்றன. வாங்கிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.